நாலில் ஒரு பங்கு

உடல் நலிந்து வேலை செய்ய இயலாமற் போன ஒருவர், அந்த இயலாமையைக் காரணமாகக் காட்டி அரசாங்கத்திடம் உதவித்தொகை கேட்கும்போது, அவருக்காக வாதாடும் வக்கீலுக்குக் கூலி எங்கிருந்து வரும் என்ற கேள்வி, மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் ஒரு சிறு கணக்கு விவகாரமாகவே தோன்றும். ஆனால் சற்று நின்று யோசித்தால் அதன் ஆழம் புலப்படும். சம்பாத்தியம் நின்றுபோனதனால்தான் அவர் மனுப் போடுகிறார். சம்பாத்தியம் நின்றுபோனவரிடம் முன்பணமாகக் கொடுக்கப் பீஸ் இராது. பீஸ் இல்லாத வழக்கை எடுத்து நடத்த வக்கீல் எளிதில் அகப்படமாட்டார். வக்கீல் துணையில்லாத நோயாளியோ, சட்டத்தின் நுணுக்கங்களிலும் தவணைகளிலும் சிக்கி, தமக்கு நியாயமாகச் சேரவேண்டியதையும் இழந்து நிற்பார். இந்தச் சங்கிலியை எந்த இடத்தில் வெட்டுவது என்பதில் அமெரிக்க ஐக்கிய நாடுகள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பலவகைப் பரீட்சைகள் செய்து பார்த்திருக்கின்றன. அந்தப் பரீட்சைகளின் சரித்திரத்தையும், இன்று அங்கே நடைமுறையில் இருக்கும் ஏற்பாட்டையும், அதன் குணதோஷங்களையும் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் நாட்டு வாசகருக்கு முதலிலேயே ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். வழக்கு ஜயித்தால் கிடைக்கும் தொகையில் இத்தனை பங்கு என்று கட்சிக்காரரோடு வக்கீல் பேசி முடித்துக்கொள்வதை இந்திய பார் கவுன்சிலின் விதிகள் தடை செய்கின்றன. ஊனமுற்றவர்களுக்கு இங்கே 1987ஆம் ஆண்டின் சட்ட உதவிச் சட்டம் இலவச வக்கீலுக்கு உரிமை தருகிறதே அன்றி, பங்குக் கூலிக்கு இடம் தரவில்லை. அமெரிக்காவிலோ, விபத்து நஷ்டஈடு முதலிய வழக்குகளில், ஜயித்தால் பங்கு, தோற்றால் ஒன்றுமில்லை என்ற ஒப்பந்தம் சர்வசாதாரணம். இயலாமை உதவித்தொகை வழக்குகளில் அந்த ஒப்பந்தத்துக்குச் சட்டமே கடிவாளம் போட்டிருக்கிறது. பங்கு எவ்வளவு என்பதைச் சட்டம் நிர்ணயிக்கிறது. அந்தப் பங்கை அங்கீகரிப்பது அரசாங்க இலாகா அல்லது நீதிமன்றம். அந்த அங்கீகாரம் இல்லாமல் கட்சிக்காரரிடமிருந்து ஒரு டாலர் பீஸ் வசூலித்தாலும் அது 500 டாலர் வரை அபராதத்துக்கோ ஓராண்டு வரை சிறைவாசத்துக்கோ இடமளிக்கும் குற்றம்.

உதவித்தொகையைப் பற்றிச் சிறிது சொல்லாமல் கூலியைப் பற்றிச் சொல்ல இயலாது. 1935ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் தேதி ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சோஷியல் செக்யூரிட்டி சட்டம், வேலை செய்யும் காலமெல்லாம் சம்பளத்திலிருந்து வரி கட்டியவர்களுக்கு முதுமையில் ஓய்வூதியம் தந்தது. ஆனால் முதுமை வருமுன்னரே வியாதியாலோ காயத்தாலோ உழைக்கும் சக்தியை இழந்துவிட்டவர்களுக்கு அதே நிதியிலிருந்து மாதப் பணம் தருவதற்கு 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் தொடக்கத்தில் ஐம்பது வயதானவர்களுக்கே கிடைத்தது; 1960இல்தான் அந்த வயது வரம்பு நீங்கியது. வரி கட்டிய சரித்திரம் போதாத ஏழைகளுக்கென 1974ஆம் ஆண்டு முதல் எஸ்.எஸ்.ஐ. என்ற தனித் திட்டம் நடந்து வருகிறது. இரண்டுக்கும் இயலாமையின் இலக்கணம் ஒன்றே: குறைந்தது பன்னிரண்டு மாதங்கள் நீடிக்கக்கூடிய, அல்லது மரணத்தில் முடியக்கூடிய நோயினால், கணிசமான வருவாய் தரும் எந்த வேலையையும் செய்ய இயலாத நிலை. தாம் செய்துவந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்பது போதாது. தேசத்தில் கணிசமான எண்ணிக்கையில் உள்ள வேறு எந்த வேலையையும் செய்ய முடியாது என்று நிலைநாட்ட வேண்டும்.

இத்தகைய கடுமையான இலக்கணத்தின் பயனாக, முதல் மனுவிலே மூன்றில் இரண்டு பேர் அளவுக்கு நிராகரிக்கப்படுகிறார்கள். நிராகரிக்கப்பட்டவர் அறுபது நாட்களுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். அதிலும் தோற்றால் நிர்வாக நீதிபதியின் முன் விசாரணை. அதற்கும் மேலே அப்பீல் கவுன்சில். அதற்கும் அப்பால் மத்திய ஜில்லா கோர்ட். பெரும்பாலான வழக்குகளுக்கு உயிர்நிலை நிர்வாக நீதிபதியின் விசாரணைதான். அந்த விசாரணைக்கு நாள் கிடைக்க 2017ஆம் ஆண்டு வாக்கில் சராசரியாக அறுநூறு நாட்கள் அளவில் காத்திருக்க வேண்டியிருந்தது.

காத்திருப்பின் காலமெல்லாம் மனுதாரருக்கு மாதப் பணம் வருவதில்லை. ஆனால் இறுதியில் ஜயித்துவிட்டால், அந்தக் காலத்துக்கு உரிய பணமெல்லாம் பாக்கியாகக் கணக்கிடப்பட்டு வந்து சேர்கிறது. வரி கட்டியவர்களுக்கான காப்பீட்டுத் திட்டத்தில் இயலாமை தொடங்கியபின் முழுதாக ஐந்து மாதங்களுக்குப் பணம் கிடையாது என்றும், மனுச் செய்த தேதிக்கு முன்னால் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் பின்னோக்கிப் போக இயலாது என்றும் விதிகள் உண்டு, எஸ்.எஸ்.ஐ. திட்டத்திலோ மனுச் செய்த மாதத்துக்கு அடுத்த மாதத்திலிருந்துதான் கணக்கே தொடங்கும். வக்கீலின் கூலி இந்தப் பாக்கித் தொகையிலிருந்துதான் பிறக்கிறது. இனி ஆயுள் உள்ளவரை மாதந்தோறும் வரப்போகும் பணத்தில் வக்கீலுக்கு ஒரு காசுகூடப் பங்கில்லை என்பதை, இந்த ஏற்பாட்டின் மிகச் சிறந்த அம்சம் என்றே நான் கருதுகிறேன்.

இந்த ஏற்பாடு திடீரென வானத்திலிருந்து குதித்துவிடவில்லை. அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் கைகால் இழந்த வீரர்களுக்கும், மாண்டவர்களின் விதவைகளுக்கும் பென்ஷன் வழங்கச் சட்டம் செய்த காங்கிரஸ் சபை, அந்தப் பென்ஷன் மனுக்களை எழுதிக் கொடுத்தும் நடத்தியும் பிழைக்க ஏஜெண்டுகளும் வக்கீல்களும் திரண்டு வருவதைக் கண்டு, 1862ஆம் ஆண்டில் ஒரு மனுவுக்கு ஐந்து டாலர் என்றும், 1864ஆம் ஆண்டில் பத்து டாலர் என்றும் கூலிக்கு வரம்பு கட்டியது. நாட்டுக்காக ரத்தம் சிந்தியவனுடைய பென்ஷனை இடைத்தரகர் பங்கு போட்டுக்கொள்ளலாகாது என்ற எண்ணம் உத்தமமானது. அந்தக் காலத்துப் பத்து டாலர் அற்பத் தொகையும் அல்ல. ஆனால் விலைவாசி பலமடங்கு ஏறிப்போன இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் மாஜி ராணுவத்தினரின் மனுக்களுக்குச் சட்டத்தில் அதே பத்து டாலர்தான் வரம்பாக நின்றது. ஒரு நாள் முழுதும் ஆஸ்பத்திரிப் பதிவேடுகளைப் புரட்டும் வேலைக்குப் பத்து டாலர் வாங்கிக்கொண்டு எந்த வக்கீல் வருவார்? வீரரின் பணத்தைக் காப்பதற்காகக் கட்டிய வேலி, வீரருக்குத் துணை வரக்கூடியவர்களையும் சேர்த்து வெளியே நிறுத்திவிட்டது.

ஹிரோஷிமா, நாகசாகி நகரங்களில் யுத்தத்துக்குப் பின் காவலுக்குச் சென்றும், அணுகுண்டுச் சோதனைகளில் பங்குகொண்டும் கதிர்வீச்சுக்கு ஆளான ராணுவத்தினரின் சங்கம் ஒன்று, இந்த வரம்பு தங்களுக்கு நீதியின் வாசலையே அடைக்கிறது என்று வழக்காடியது. தம் நோய்க்கும் கதிர்வீச்சுக்கும் உள்ள சம்பந்தத்தை விஞ்ஞான சாட்சியம் கொண்டு நிரூபிக்க வேண்டிய அவர்களுடைய மனுக்கள் சிக்கலானவை என்பதும், சட்டம் கற்றவரின் துணை அவற்றுக்கு இன்றியமையாதது என்பதும் சிறிது யோசிப்போருக்கும் விளங்கும். ஆயினும் 1985ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டின் பெரும்பான்மை, நீதிபதி ரென்குவிஸ்ட் எழுதிய தீர்ப்பின்வழி, வரம்பு செல்லும் என்றே முடிவு செய்தது. வக்கீல்கள் புகுந்தால் எளிமையான, சச்சரவில்லாத முறை கெட்டுவிடும் என்று காங்கிரஸ் கருதியிருக்கலாம், அப்படிக் கருத அதற்கு அதிகாரம் உண்டு என்பது தீர்ப்பின் சாரம். நீதிபதி ஸ்டீவன்ஸ் முதலியோர் மாறுபட்டு எழுதினார்கள். அவர்கள் பக்கமே நியாயம் இருந்தது என்பது என் துணிபு; காங்கிரஸும் மூன்றாண்டுகள் கழித்து, 1988இல், அந்தப் பழைய வரம்பைத் தளர்த்தியது. இன்று மாஜி ராணுவத்தினருக்கான இலாகா சம்பந்தப்பட்ட இயலாமை மனுக்களில், பாக்கித் தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படாத கூலியை இலாகாவே நேரடியாக வக்கீலுக்குச் செலுத்தும் முறை இருக்கிறது.

சோஷியல் செக்யூரிட்டி வழக்குகளில் கோளாறு எதிர்த்திசையிலிருந்து வந்தது. கோர்ட்டில் ஜயித்த சில வக்கீல்கள் பாக்கித் தொகையில் மூன்றில் ஒரு பங்கும், சிலர் பாதியும் எடுத்துக்கொண்டார்கள் என்ற புகார் காங்கிரஸின் செவிக்கு எட்டியது. மற்றொரு புறம், கட்சிக்காரரிடம் பணம் போய்ச் சேர்ந்தபின் கூலி வராமல் ஏமாந்த வக்கீல்களும் இருந்தார்கள். இரண்டு நோய்க்கும் ஒரே மருந்தாக 1965ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், கோர்ட் வழக்குகளில் பாக்கியில் நூற்றுக்கு இருபத்தைந்துக்கு மேல் கூலி கூடாது என்று வரம்பிட்டது. அதே சமயம், அந்தப் பங்கைச் சோஷியல் செக்யூரிட்டி இலாகாவே பிடித்து வைத்து நேராக வக்கீலுக்கு அனுப்பலாம் என்றும் வழி செய்தது. 1968இல் இந்த நேரடிப் பட்டுவாடா இலாகாவுக்குள் நடக்கும் விசாரணைகளுக்கும் விஸ்தரிக்கப்பட்டது. தந்தைக்கு இயலாமை ஏற்பட்டால் மனைவி மக்களுக்கும் தனித்தனியே மாதப் பணம் உண்டு. அவர்களுடைய பாக்கியும் இந்த நாலில் ஒரு பங்குக் கணக்கில் சேருமா என்ற ஐயத்தை அதே 1968இல் சுப்ரீம் கோர்ட், சேரும் என்று தீர்த்து வைத்தது.

1990ஆம் ஆண்டில் மற்றொரு மாறுதல் வந்தது. அதுவரை ஒவ்வொரு வக்கீலும் வழக்கு முடிந்தபின், எத்தனை மணி நேரம் எந்தெந்த வேலை செய்தோம் என்று பட்டியல் எழுதிக் கூலி மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும். புதிய சட்டப்படி, கட்சிக்காரரும் வக்கீலும் முன்கூட்டியே ஒரு கூலி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, சாதகமான தீர்ப்பு வருமுன்னரே அதை இலாகாவிடம் கொடுத்துவிட்டால், மணிக்கணக்குப் பார்க்காமல் அதை அங்கீகரித்துவிடலாம். பாக்கியில் நாலில் ஒரு பங்கு, அல்லது ஒரு குறித்த தொகை, இவற்றில் எது குறைவோ அதற்குமேல் மட்டும் போகக்கூடாது. அந்தக் குறித்த தொகை தொடக்கத்தில் 4,000 டாலர். 2002 பிப்ரவரியில் அது 5,300 ஆயிற்று. 2009 ஜூனில் 6,000. பிறகு பதின்மூன்று ஆண்டுகள் அசையாமல் நின்று, 2022 நவம்பரில் 7,200 ஆகி, 2024 நவம்பர் 30 முதல் 9,200 டாலர் என்று உயர்ந்தது.

ஓர் உதாரணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கணக்கைப் பார்ப்போம். ஒரு லாரி ஓட்டுநருக்கு 2023 ஜனவரி முதல் தேதியில் முதுகெலும்பு கெட்டு வேலை நின்றது என்றும், அவருக்கு உரிய மாதப் பணம் 1,500 டாலர் என்றும் கொள்வோம். ஐந்து மாதங்கள் கழிய, ஜூன் மாதத்திலிருந்து அவருக்குப் பாத்தியதை பிறக்கிறது. 2025 ஜூனில் தீர்ப்பு வந்தால், அதற்கு முந்திய மாதம் வரை இருபத்துநான்கு மாதங்களுக்கு 36,000 டாலர் பாக்கி. நாலில் ஒரு பங்கு 9,000. வரம்புக்குக் குறைவு, ஆகவே அதுவே கூலி. தீர்ப்பு ஆறு மாதம் தாமதித்து டிசம்பரில் வந்திருந்தால் பாக்கி 45,000. நாலில் ஒரு பங்கு 11,250 ஆகும். ஆனால் வக்கீலுக்கு 9,200தான். தீர்ப்பு ஆறு மாதம் முந்தி, 2024 டிசம்பரில் வந்திருந்தால் பாக்கி 27,000, கூலி 6,750. வக்கீலின் பங்கைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை இலாகா ஓட்டுநருக்கு அனுப்பிவிடும். வக்கீலுக்கு அனுப்பும் தொகையிலிருந்தும் இலாகா தன் சிரமத்துக்காக நூற்றுக்கு 6.3 வீதம் கழித்துக்கொள்ளும்; அந்தக் கழிவுக்கு 2004ஆம் ஆண்டு 75 டாலர் உச்சவரம்பு வைக்கப்பட்டு, விலைவாசியோடு ஏறி, இன்று நூறு டாலருக்கு மேலே நிற்கிறது. இந்தக் கழிவைக் கட்சிக்காரர் தலையில் கட்ட வக்கீலுக்கு அதிகாரம் இல்லை.

பழைய கூலி மனு முறையும் அழிந்துவிடவில்லை. நடுவே வக்கீலை மாற்றியவர்களுக்கும், ஒப்பந்தம் எழுதாமல் விட்டவர்களுக்கும், வழக்கு எதிர்பாராத அளவு நீண்டு உழைப்பு பெருகிவிட்டவர்களுக்கும் அது இன்றும் வழியாக இருக்கிறது. இங்கே மேற்சொன்ன டாலர் வரம்பு இல்லை. வழக்கின் சிக்கல், வேலையின் தரம், செலவான காலம் முதலியவற்றை எடைபோட்டு இலாகா நியாயமான தொகையை நிர்ணயிக்கும். பீஸ் வேறு, கைச்செலவு வேறு என்பதையும் கட்சிக்காரர் அறிந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரிகளிலிருந்து வைத்தியப் பதிவேடுகளை நகலெடுக்கும் கட்டணம், டாக்டரிடம் அறிக்கை எழுதி வாங்கும் கட்டணம் போன்றவை வரம்புக்கு வெளியே உள்ளவை. ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால், வழக்குத் தோற்றாலும் அவற்றைக் கட்சிக்காரர் கொடுக்க நேரலாம். கையெழுத்திடுமுன் எத்தனையோ பேர் கவனிக்காமல் கடந்துபோகும் வரி அதுதான்.

இவ்வளவு கூலிக்கு வக்கீல் என்னதான் செய்கிறார் என்று கேட்பது நியாயமான கேள்வி. விசாரணை அறை சினிமாவில் காணும் கோர்ட்டைப் போன்றதன்று. ஒரு மேஜை, அதன் தலைப்பக்கம் நீதிபதி, பக்கத்தில் பேச்சைப் பதிவு செய்யும் ஊழியர், எதிரே மனுதாரரும் வக்கீலும். அரசாங்கத்தின் சார்பில் எதிர்வக்கீல் எவரும் இருப்பதில்லை. ஆனால் தொழில் நிபுணர் என்று ஒருவர் அநேகமாக எல்லா விசாரணைகளிலும் சாட்சி சொல்வார். நாற்பத்தெட்டு வயதான, பத்துப் பவுண்டுக்கு மேல் தூக்க முடியாத, நாளில் ஆறு மணி நேரம் உட்காரவும் இரண்டு மணி நேரம் நிற்கவும் கூடிய ஒருவர் செய்யத்தக்க வேலை தேசத்தில் உண்டா என்று நீதிபதி அவரைக் கேட்பார். நிபுணர் தொழில்களின் அகராதி ஒன்றைப் பிரமாணமாகக் கொண்டு, உறைகளில் விலாசம் எழுதும் வேலை என்றும், கொட்டைப் பருப்புகளைத் தரம் பிரிக்கும் வேலை என்றும், அவை தேசத்தில் இத்தனை ஆயிரம் இருக்கின்றன என்றும் சொல்லுவார். அந்த அகராதி கடைசியாகத் திருத்தப்பட்டது 1991ஆம் ஆண்டில். அதில் வழக்கொழிந்துபோன தொழில்கள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைக் காட்டி இனி மனுக்களை நிராகரிப்பதில்லை என்று இலாகா முடிவு செய்தது 2024இல்தான்.

இந்த இடத்தில்தான் வக்கீலின் முறை வருகிறது. நீதிபதி விவரித்த அதே மனிதர், வலியின் கடுமையால் மாதத்தில் மூன்று நாட்கள் வேலைக்கு வர இயலாதவராக இருந்தால் என்ன ஆகும் என்று அவர் நிபுணரைக் கேட்கிறார். அப்படிப்பட்டவரை எந்த முதலாளியும் வைத்துக்கொள்ளமாட்டார், அவருக்கு வேலையே இல்லை என்பது பெரும்பாலும் நிபுணரின் பதிலாக இருக்கும். இந்த ஒற்றைக் கேள்வியைக் கேட்க ஒரு நிமிஷம் போதும். ஆனால் அந்தக் கேள்விக்குப் பிடிமானமாக, மாதத்தில் மூன்று நாட்களாவது இவர் படுத்த படுக்கையாக இருப்பார் என்று வைத்தியம் பார்க்கும் டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதம் வழக்குக் கட்டிலே இருக்க வேண்டும். விசாரணைக்கு ஐந்து வேலை நாட்களுக்கு முன்னரே அது தாக்கலாகியிருக்க வேண்டும். டாக்டரின் சொந்தக் குறிப்புகள் அதற்கு முரணாகாமல் இருக்க வேண்டும். நோயாளிகளின் கூட்டத்தில் மூச்சுவிட நேரமில்லாத டாக்டரிடம் அந்தக் காகிதத்தைப் பலமுறை கேட்டு வாங்குவதும், நூற்றுக்கணக்கான பக்கங்களில் அதற்கு ஆதாரமான நான்கு வரிகளைத் தேடி எடுப்பதும், கூச்சத்தினால் தம் கஷ்டத்தைக் குறைத்துச் சொல்லும் மனுதாரரிடம் உண்மையை உள்ளபடி சொல்லப் பழக்குவதுமே இந்தத் தொழிலின் உள்ளுழைப்பு. நல்ல வக்கீல் அந்தக் கூலிக்கு முற்றிலும் பாத்திரமானவர் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

வழக்கு மத்திய கோர்ட்டுக்குப் போய்விட்டால் கணக்கு மாறுகிறது. அங்கே டாலர் வரம்பு இல்லை. பாக்கியில் நாலில் ஒரு பங்கு என்ற உச்சம் மட்டுமே. 2002ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டின் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் எழுதிய கிஸ்பிரெக்ட் வழக்குத் தீர்ப்பு, கட்சிக்காரர் ஒப்புக்கொண்ட பங்கையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்றும், ஆயினும் அது நியாயமானதா என்று நீதிபதி தாமே சோதிக்க வேண்டும் என்றும் விதித்தது. வக்கீலே தாமதத்துக்குக் காரணமாக இருந்தாலோ, செலவிட்ட நேரத்துக்குப் பொருந்தாத பெருந்தொகை கைக்கு வந்தாலோ குறைத்துவிடலாம். கோர்ட்டு வேலைக்கான இந்த நாலில் ஒரு பங்கு, இலாகாவுக்குள் செய்த வேலைக்கான கூலியோடு சேர்த்து எண்ணப்படுவதன்று என்று 2019இல் மற்றொரு தீர்ப்பு வந்தது. இவையன்றி, அரசாங்கம் தக்க நியாயமின்றி எதிர்த்து வழக்காடித் தோற்றால் அரசாங்கமே வக்கீல் செலவைக் கொடுக்க வேண்டும் என்ற 1980ஆம் ஆண்டுச் சட்டமும் துணைக்கு வருகிறது. இரண்டு வழியிலும் பணம் பெற்ற வக்கீல், சிறிய தொகையைக் கட்சிக்காரருக்குத் திருப்பிவிட வேண்டும்: பங்கு 12,000, அரசாங்கம் தந்தது 7,000 என்றால், அந்த 7,000 நோயாளியைச் சேரும். கருணையும் நீதியும் ஒருங்கே பொருந்திய விதி இது. ஆனால் அரசாங்கம் தரும் அந்தத் தொகை சட்டப்படி கட்சிக்காரருக்கு உரியது என்றும், அவர் அரசாங்கத்துக்குப் பழைய கடன் பட்டிருந்தால் அதற்கு ஈடாகப் பிடித்துக்கொள்ளலாம் என்றும் 2010இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது முதல், கடன்பட்ட ஏழையின் வழக்கை எடுக்க வக்கீல்கள் இருமுறை யோசிக்க வேண்டியதாகிவிட்டது.

வழக்குக்கு இவ்வளவு என்று கூலி ஏறக்குறைய நிலையாகிவிட்ட தொழிலில், லாபம் வழக்குகளின் எண்ணிக்கையில் இருக்கிறது என்ற உணர்வு தோன்றுவது இயல்பு. அது எவ்வளவு தூரம் கெட்டுப்போக முடியும் என்பதைக் கென்டக்கி மாகாணத்தின் கிழக்கு மலைப்பகுதி கண்டது. நிலக்கரிச் சுரங்கங்களில் உடம்பைத் தேய்த்தவர்கள் நிறைந்த அந்தப் பிரதேசத்தில் எரிக் கான் என்ற வக்கீல், விளம்பரப் பலகைகளாலும் தொலைக்காட்சியாலும் ஆயிரக்கணக்கான மனுக்களைத் திரட்டி, டேவிட் டாகர்ட்டி என்ற நிர்வாக நீதிபதிக்குப் பல ஆண்டுகளில் ஆறு லட்சம் டாலருக்கு மேல் லஞ்சம் கொடுத்து, விசாரணையே இல்லாமல் சாதகமான தீர்ப்புகளை வாங்கினார். வைத்திய அறிக்கைகளும் முன்கூட்டியே அவர் காரியாலயத்தில் நிரப்பப்பட்டன. இலாகாவின் ஹண்டிங்டன் காரியாலயத்தில் வேலை பார்த்த ஸாரா கார்வர், ஜெனிஃபர் கிரிஃபித் என்ற இரண்டு பெண்மணிகள் பல ஆண்டுகள் தொல்லைகளைப் பொறுத்துக்கொண்டு இதை வெளிக்கொணர்ந்தார்கள். 2017இல் கான் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனைக்கு முன் தப்பியோடி, அதே ஆண்டு டிசம்பரில் ஹோண்டுராஸ் நாட்டில் பிடிபட்டார். நீதிபதியும் சிறை சென்றார்.

குற்றவாளிகள் தண்டிக்கப்பட்டதைவிட, அவர்களுடைய கட்சிக்காரர்களுக்கு நேர்ந்ததே மனத்தை வருத்துவது. 2015ஆம் ஆண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு, உங்கள் உதவித்தொகை மறுபரிசீலனைக்கு உள்ளாகிறது, இயலாமையைப் புதிதாக நிரூபியுங்கள் என்று இலாகாவிலிருந்து கடிதங்கள் போயின. மெய்யாகவே நோயுற்றவர்களும் அவர்களில் பலர். அவர்களுக்கு வக்கீல் வேண்டும். ஆனால் பணம் நின்றுபோகாமல் காப்பாற்றுவதே வழக்கு ஆனபடியால், ஜயித்தாலும் புதிய பாக்கி என்று ஒன்று இல்லை. பாக்கி இல்லையேல் நாலில் ஒரு பங்கும் இல்லை. சட்டம் அரை நூற்றாண்டில் அமைத்த கூலி ஏற்பாடு முழுவதும் அந்த ஜனங்களுக்கு ஒரு காசுப் பிரயோஜனம் இல்லாமற் போயிற்று. பிரெஸ்டன்ஸ்பர்க் நகரத்து வக்கீல் நெட் பில்லர்ஸ்டார்ஃப் முதலியோரும், சட்ட உதவிச் சங்கத்தினரும், வேறு மாகாணங்களிலிருந்து வந்த வக்கீல்களும் ஊதியம் பெறாமல் அவர்களுக்காக நின்றார்கள். தங்கள் பழைய வைத்திய அறிக்கைகள் மோசடியானவை அல்ல என்று காட்ட அவர்களுக்குச் சந்தர்ப்பம் கொடுக்காதது நியாய முறைக்கு விரோதம் என்று 2018 நவம்பரில் மத்திய அப்பீல் கோர்ட் தீர்ப்புச் சொன்னது.

இந்த நிகழ்ச்சி, பாக்கியை நம்பிய கூலியின் உள்ளார்ந்த குறையை வெளிச்சம் போட்டுக் காட்டுகிறது. பாக்கி பெரியதாக இருக்கும் இடத்துக்கு வக்கீல்கள் வருவார்கள். சிறியதாக இருக்கும் இடத்துக்கு வரத் தயங்குவார்கள். எஸ்.எஸ்.ஐ. திட்டத்தில் தனி மனிதருக்கு 2025இல் மத்திய அரசு தந்த உச்சத்தொகை மாதம் 967 டாலர். மனுச் செய்த ஆறு மாதத்தில் ஒருவர் ஜயித்துவிட்டால் பாக்கி 5,802, வக்கீலின் பங்கு 1,450 டாலர் அளவு. பரம ஏழைக்கு விரைவாகக் காரியத்தை முடித்துக் கொடுத்த திறமைசாலிக்கு மிகக் குறைந்த கூலி! இந்த ஏழைகளுடைய பாக்கியிலிருந்து வக்கீலின் பங்கை இலாகா பிடித்துத் தரும் வழக்கமே 2004ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன் இல்லை. மேலே சொன்ன ஓட்டுநரின் கணக்கிலும் இதே கோணல் தெரிகிறது. ஆறு மாதம் முந்தி முடித்தால் 6,750, ஆறு மாதம் பிந்தி முடித்தால் 9,200. வக்கீல்கள் வேண்டுமென்றே தாமதிக்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தாமதத்தின் பெரும்பகுதி இலாகாவின் ஆள் பற்றாக்குறையினால் விளைவது. ஆனால் அந்தத் தாமதத்துக்கான விலையை இலாகா கொடுப்பதில்லை, நோயாளியின் பாக்கியிலிருந்து அது கழிகிறது. அதுபோலவே, 2009 முதல் 2022 வரை டாலர் வரம்பை அசைக்காமல் வைத்திருந்தது நோயாளிக்குச் செய்த உபகாரமும் அல்ல. சிக்கலான வழக்குகளை ஏற்கும் வக்கீல்களை அது மெல்ல மெல்ல விலக்கும். பத்து டாலர் வரம்பு மாஜி ராணுவத்தினருக்குச் செய்ததைக் கண்டறிந்த தேசம், ஆண்டுதோறும் விலைவாசியோடு வரம்பையும் நகர்த்திக்கொண்டு போவதே முறை. சிறு பாக்கி உள்ளவர்களுக்கும், பாக்கியே இல்லாதவர்களுக்கும், சட்ட உதவிச் சங்கங்களின் வாயிலாக அரசாங்கமே வக்கீல் வைத்துக் கொடுப்பதுதான் தர்மம். அந்தச் சங்கங்களின் நிதியைக் குறைக்கும் ஒவ்வொரு முறையும் இவர்களே முதலில் கைவிடப்படுகிறார்கள்.

அமெரிக்காவில் உறவினர் எவரேனும் இத்தகைய மனுவில் ஈடுபட்டிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடிய ஒரு செய்தி இன்னும் உண்டு. சாதகத் தீர்ப்புக்குப் பின் இலாகாவிலிருந்து வரும் கடிதத்தில், மொத்தப் பாக்கி எவ்வளவு, வக்கீலுக்காகப் பிடித்தது எவ்வளவு, எந்த மாதம் வரை கணக்கிடப்பட்டது என்ற மூன்றும் இருக்கும். அவற்றைப் பெருக்கிக் கழித்துச் சரிபார்ப்பது எளிது. ஒப்பந்தப்படி வழங்கிய கூலி மிகை என்று தோன்றினால், அந்த அறிவிப்பு வந்த பதினைந்து நாட்களுக்குள் கட்சிக்காரர் எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம். கூலி மனு முறையில் நிர்ணயித்த தொகைக்கு முப்பது நாட்கள் அவகாசம். ஆட்சேபணை செய்வதால் மாதப் பணத்துக்கு எந்தப் பங்கமும் வராது. இலாகா பிடித்துக் கொடுத்த பீஸுக்கு அப்பால், வேறு பெயர் சொல்லி எவரேனும் தனியே கூலி கேட்டால், அதைக் கொடுக்காமல் உடனே இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும்.